துறைக்குள்ளிருந்து எழுந்த சாட்சி



இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் காவல்துறையைப் பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சிலப்பதிகாரம் பயின்றோர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். மதுரையில் கோவலனைக் காவலனின் வாள் வெட்டுமுன்பே பொற்கொல்லனின் சொல் வெட்டிவிட்டது. அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்தவனே முந்திக்கொண்டு அடுத்தவனைக் கள்வன் என்று காட்டினான். மன்னன் சிலம்பை ஆராயவில்லை; காட்டப்பட்ட ஆளைக் கொன்றுவரச் சொன்னான். கண்ணகி அவைக்கு வந்து, சிலம்பை உடைத்து, உள்ளிருந்த பரலைக் காட்டிய பின்னர்தான் வழக்கு ஆளை விட்டுப் பொருளுக்குத் திரும்பியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

காவல்துறையின் உள்ளே இருந்துகொண்டே அத்துறையின் குற்றங்களை வெளியே சொன்னவர்களின் வரலாற்றைப் பார்க்கும்போது இக்காட்சியே மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகிறது. சொல்லப்பட்ட குற்றம் மெய்யா பொய்யா என்ற கேள்வி ஓரமாக ஒதுக்கப்படுகிறது. சொன்னவன் எப்படிப்பட்டவன் என்ற கேள்வி நடு அவையில் வந்து அமர்ந்துகொள்கிறது. அவன் குடிகாரனா, மனநோயாளியா, ஒழுக்கங்கெட்டவனா, பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரத்தில் பேசுகிறானா என்றெல்லாம் ஆராயப்படுகிறது.

இவர்களைக் குறிக்க இன்று நாளேடுகள் பல தொடர்களைக் கையாள்கின்றன. மக்கள் வழக்கில் நெடுங்காலமாக இருப்பதோ வசைச்சொல்தான். காட்டிக்கொடுத்தவன் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் எட்டப்பன் பெயர் நாவில் வந்து நிற்கும். அயர்லாந்திலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கிளர்ச்சியாளர்களை ஆள்வோரிடம் ஒப்புக்கொடுத்தவர்களைக் குறித்த சொல் அங்கே இன்றும் தீராத பழியைச் சுமந்து நிற்கிறது. அமெரிக்கக் காவலர்கள் எலி என்பார்கள். அந்நியனிடம் தன் நாட்டானைக் காட்டிக்கொடுத்தவனுக்கும், மக்களிடம் தன் துறையின் களவைச் சொன்னவனுக்கும் ஒரே பெயரைச் சூட்டியதில் யாருக்கு ஆதாயம் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வகைச் சாட்சிகளுள் உலகம் நன்கறிந்தவர் நியூயார்க் நகரக் காவலர் பிராங்க் செர்பிகோ. 1959இல் பணியில் சேர்ந்தவர். சாதாரண உடையில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் பிரிவில் இருந்தபோது, 1966இல், 300 டாலர் அடங்கிய ஓர் உறை அவர் கையில் திணிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாமூல் என்று வழங்கப்படும் அதே பொருள்தான். அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் சென்றார். அடுத்த மேலதிகாரியிடம் சென்றார். மேயர் அலுவலகம் வரை செய்தி போயிற்று. எங்கும் எதுவும் அசையவில்லை. 1970 ஏப்ரல் 25 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்ட பின்னரே மேயர் ஜான் லிண்ட்சே விசாரணை ஆணையம் அமைத்தார். விட்மன் நேப் தலைமையில் அமைந்த அவ்வாணையம் பணியில் இருந்த காலத்தில், 1971 பிப்ரவரி 3 அன்று, புரூக்ளினில் போதைப்பொருள் வியாபாரி ஒருவனின் கதவிடுக்கில் சிக்கிய நிலையில் செர்பிகோ முகத்தில் சுடப்பட்டார். உடன் வந்த காவலர்கள் உதவி கோரி அழைக்கவில்லை என்றும், குடியிருப்பில் இருந்த முதியவர் ஒருவரே தொலைபேசியில் அழைத்துத் தம்மைக் காப்பாற்றினார் என்றும் அவர் கூறிவருகிறார். அவர் திட்டமிட்டுச் சிக்கவைக்கப்பட்டார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரு காதின் கேள்வி மட்டும் போயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். 1972இல் துறையை விட்டு விலகினார். அல் பசினோ நடித்த திரைப்படம் 1973இல் வந்தது. படம் பார்த்தவர்கள் கதை அத்துடன் முடிந்தது என்று எண்ணியிருப்பார்கள். துறையின் உயரிய பதக்கம் அவருக்கு விழா ஏதுமின்றி மேசையின் குறுக்கே தள்ளப்பட்டது. அதற்குரிய சான்றிதழ் 2022இல், குண்டடி பட்டு அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, வந்து சேர்ந்தது.

துப்பாக்கிக் குண்டின் கதை கேட்போரை உலுக்கும். ஆயின் பிற்காலத்தில் பழிவாங்கல் குண்டைக் கைவிட்டுக் கோப்பைக் கைக்கொண்டது. அதே நகரம், அதே புரூக்ளின் பகுதி. 81ஆம் காவல் சரகத்தில் பணிபுரிந்தவர் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட். குற்றங்களின் எண்ணிக்கை குறைந்துள்ளதாகக் காட்டவேண்டும் என்ற நெருக்கடி சரகத்தின் மேல் இருந்தது. அதனால் வழிப்பறி நடந்தால் பொருள் தொலைந்தது என்று எழுதினார்கள்; புகார் கொடுக்க வந்தவரை ஏதேனும் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுபுறம், தெருவில் போவோரை நிறுத்திச் சோதிப்பதற்கும் தண்டச்சீட்டு எழுதுவதற்கும் எண்ணிக்கை விதித்தார்கள். புகாரைப் பதிவு செய்யாமல் அலைக்கழிக்கும் கலையைத் தமிழ்நாட்டு மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்கூல்கிராஃப்ட் செய்தது ஒன்றுதான். காலை அணிவகுப்பில் அதிகாரிகள் இட்ட கட்டளைகளைச் சட்டைப்பைக்குள் சிறு ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்துகொண்டார்.

2009 அக்டோபரில் துறையின் தணிக்கைப் பிரிவிடம் இவற்றைத் தெரிவித்தார். அம்மாதம் 31ஆம் நாள், உடல்நலம் சரியில்லை என்று சொல்லிப் பணி முடிய ஒரு மணி நேரத்திற்கு முன்பே வீடு திரும்பினார். இரவில் மேலதிகாரிகள் உட்படக் காவலர் பலர் அவர் வீட்டிற்குள் நுழைந்தனர். மனநிலை பாதிக்கப்பட்டவர் என்று அறிவித்து, கைவிலங்கிட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். ஆறு நாள்கள் மனநோய்ப் பிரிவில் அடைத்து வைக்கப்பட்டார். மேலதிகாரிகள் தம்மைப் பழிவாங்குகின்றனர் என்று அவர் மருத்துவரிடம் சொன்னபோது, அச்சொல்லே நோயின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. ஒருவன் உண்மையைச் சொல்லச் சொல்ல அவன் பித்தன் என்பது மேலும் உறுதிப்படும் வகையில் அமைந்த பொறி அது. இதைவிடக் கொடிய கற்பனையை நாவலாசிரியன் ஒருவன் எழுதியிருந்தால் மிகை என்று திறனாய்வாளர் ஒதுக்கியிருப்பர்.

அவரைக் காத்தது அவருடைய முன்யோசனைதான். அன்றிரவு வந்தவர்கள் அவரிடமிருந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கைப்பற்றினார்கள். அறையில் வேறொரு கருவி ஓடிக்கொண்டிருந்ததை அறியவில்லை. அந்த நாடாக்களின் செய்தியை 2010இல் வில்லேஜ் வாய்ஸ் இதழ் தொடராக வெளியிட்டது. குற்றக் கணக்குகள் வேண்டுமென்றே குறைத்து எழுதப்பட்டன என்று துறையின் உள் விசாரணையும் 2010இலேயே கண்டறிந்திருந்தது; அவ்வறிக்கை வெளியே தெரிந்தது 2012இல்தான். தெருவில் நிறுத்திச் சோதிக்கும் முறை அரசமைப்புக்கு முரணாக நடந்தது என 2013இல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அந்த ஒலிப்பதிவுகளும் சான்றாக இடம்பெற்றன. 2015இல் நகர நிர்வாகம் ஸ்கூல்கிராஃப்டுக்கு 6 இலட்சம் டாலர் தர உடன்பட்டது. பரலைக் காட்டி வழக்கை வென்றவர் என்று இவரைச் சொல்லலாம். காவலராக அவர் வாழ்வு அத்துடன் முடிந்தது.

குண்டும் இல்லாமல், மருத்துவமனையும் இல்லாமல், வெறும் முணுமுணுப்பால் ஒரு மனிதரைச் சாய்க்க முயன்ற கதை அயர்லாந்தில் நிகழ்ந்தது. இதனைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

மாரிஸ் மக்கேப், கேவன் மாவட்டத்தின் பெய்லிபரோ என்னும் சிற்றூரில் காவல் நிலையப் பொறுப்பில் இருந்த சார்ஜன்ட். 2006இல் அவர்மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடந்தது, வழக்குத் தொடர அடிப்படை ஏதுமில்லை என்று 2007இல் அரசு வழக்குத் துறை முடிவு செய்தது. சட்டப்படி அவ்விவகாரம் அங்கே முடிந்தது. பின்னர் அவர் தம் நிலையத்தில் குற்ற வழக்குகள் எவ்வளவு அலட்சியமாக நடத்தப்பட்டன என்று புகார்கள் எழுதத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று மறக்கமுடியாதது. 2007 ஏப்ரலில் டாக்சி ஓட்டும் பெண் ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். அது சிறு குற்றமாகக் கருதி நடத்தப்பட்டது. தாக்கியவன், பின்னர் ஒரு குழந்தையைக் கடத்த முயன்று பிடிபட்டும், பிணையில் வெளிவந்தான். அவ்வாண்டு டிசம்பரில் லிமரிக் நகரில் ஒரு பெண்ணைக் கொன்றான். காவல் நிலையத்தில் ஒரு தாக்குதலுக்கு என்ன பெயரிட்டு எழுதுகிறார்கள் என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது என்பதை மக்கேப்பின் புகார்கள் எடுத்துக்காட்டின.

அடுத்து அவர் எழுப்பிய புகார், பார்வைக்குச் சிறியது. வேகமாக வண்டி ஓட்டியோர்க்கு விதிக்கப்படும் தண்டப் புள்ளிகளைக் காவல் அதிகாரிகள் முறையின்றி நீக்கி விடுகின்றனர் என்பது. கொலைக்கு அசையாத துறை இதற்கு அசைந்தது. வேண்டியவர்களுக்குச் செய்யும் சலுகை என்பது எங்கும் துறையின் நரம்பு மண்டலம் போலும். 2012 டிசம்பரில் காவல்துறைக் கணினியைப் பார்க்கும் அவருடைய உரிமை கட்டுப்படுத்தப்பட்டது. அவரோடு சேர்ந்து குரல் கொடுத்த மற்றொரு காவலர், தம் வீட்டு வாயிலில் செத்த எலி கட்டப்பட்டிருந்ததைக் கண்டதாகக் கூறினார். 2014 ஜனவரி 23 அன்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் முன் தோன்றிய காவல்துறை ஆணையர் மார்ட்டின் கேலினன், இவ்விருவர் செய்கையும் அருவருக்கத்தக்கது என்றார். வெளிப்படையாகச் சொன்ன அச்சொல்லுக்கு நாடே பதில் சொன்னது. ஆனால் மறுநாள் சொல்லப்பட்ட சொல்லுக்கு மக்கேப் எப்படிப் பதில் சொல்வார்?

மறுநாள் ஆணையர், அக்குழுவின் தலைவரை ஒரு தங்கும் விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் சந்தித்தார். மக்கேப்பை நம்பவேண்டாம், குழந்தைகளிடம் தவறாக நடந்தவர் அவர் என்று சொன்னார். நாட்டின் காவல்துறைத் தலைவர், மக்கள் பிரதிநிதி ஒருவரை வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வரவழைத்து, தம் கீழ்ப் பணிபுரியும் ஒருவரைப் பற்றிக் காதோடு காதாகச் சொன்ன செய்தி இது. நீதிபதி பீட்டர் சார்ல்டன் தலைமையிலான தீர்ப்பாயம் இச்சந்திப்பைப் பற்றிய குழுத் தலைவரின் சாட்சியத்தை ஏற்றது. ஆணையர் மறுத்தார், மறுப்பு ஏற்கப்படவில்லை. துறையின் செய்தித் தொடர்பு அதிகாரியின் துணையுடன் ஆணையர் மக்கேப்பின் பெயரைக் கெடுக்கும் இயக்கத்தையே நடத்தினார் என்று 2018 அக்டோபரில் வெளிவந்த தீர்ப்பாய அறிக்கை கண்டது.

புறங்கூறாமைக்குத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அதன் அருமை இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்கும்போதுதான் விளங்குகிறது. முகத்துக்கு நேரே வீசிய பழியை மறுக்கலாம்; வழக்காடலாம்; வெகுண்டெழலாம். முதுகுக்குப் பின்னால் பரவும் பழியைச் சுமப்பவன் தான் அதைச் சுமக்கிறோம் என்பதையே அறியான். செய்தியாளர் ஒருவர் திடீரெனப் பாராமுகமாகிறார். அரசியல்வாதி ஒருவர் கொடுத்த நேரத்தை மாற்றுகிறார். காரணம் தெரியாது. மக்கேப்புக்கு முழு விவரம் தெரியவர ஆண்டுகள் பிடித்தன.

இதனிடையே வேறொரு தாளும் வளர்ந்துகொண்டிருந்தது. 2013இல் மனநல ஆலோசகர் ஒருவர் குழந்தைகள் நலத் துறைக்கு அனுப்பிய அறிக்கையில், முற்றிலும் வேறொருவர் வழக்கிலிருந்த கொடிய குற்றச்சாட்டு ஒன்று, பழைய படிவத்தின் மேல் புதியதை எழுதியதால், மக்கேப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2014 மே மாதமே பிழை தெரிந்து, திருத்தமும் அனுப்பப்பட்டது. ஆயினும் கோப்பு உயிரோடிருந்தது. அப்பொய்க் குற்றச்சாட்டைத் தாங்கிய கடிதம் பின்னர் மக்கேப்பின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. இது சதியன்று, எழுத்தர் பிழையும் திறமையின்மையுமே என்று தீர்ப்பாயம் முடிவு கண்டது. அம்முடிவை மறைக்காமல் சொல்வதே நேர்மை. எனினும், ஒரு மனிதரைப் பற்றி வதந்தி ஏற்கெனவே உலவும் நாட்டில், பிழையான கோப்பு எவ்வளவு எளிதாக நம்பப்படும் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ஸ்கூல்கிராஃப்டைக் காத்தது போலவே மக்கேப்பையும் ஓர் ஒலிப்பதிவு காத்தது. 2015இல் நீதிபதி ஓ'ஹிகின்ஸ் ஆணையத்தின் முன் காவல்துறைத் தரப்பு ஓர் ஆவணம் அளித்தது. 2008இல் முல்லிங்கரில் நடந்த ஒரு சந்திப்பில், தாம் பகைமை காரணமாகவே புகார் செய்ததாக மக்கேப் ஒப்புக்கொண்டார் என்று அதில் எழுதியிருந்தது. அச்சந்திப்பின் ஒலிப்பதிவை மக்கேப் எடுத்து வைத்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஆவணத்தில் பிழை நேர்ந்துவிட்டது என்றார்கள். அந்த நாடா இல்லையெனில் இரு அதிகாரிகளின் சொல்லுக்கு எதிராக ஒருவரின் சொல் என்ன எடை நின்றிருக்கும்?

மக்கேப் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று எவரும் தீர்ப்பளிக்கவில்லை. ஓ'ஹிகின்ஸ் அறிக்கை அவருடைய புகார்கள் சிலவற்றை மெய்ப்பிக்கப்படாதவை என்றும், சில மிகைப்படுத்தப்பட்டவை என்றும் கூறியது. அவருடைய நேர்மையைப் பாராட்டவும் செய்தது. புகாரை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தால் இப்படித்தான் முடிவு வரும். 2014இல் ஆணையரும், அடுத்து நீதி அமைச்சரும், 2017இல் துணைப் பிரதமரும் இவ்விவகாரத்தை ஒட்டிப் பதவி விலகினர். 2018இல் புதிய ஆணையர் மக்கேப்பை நேரில் சந்தித்து மன்னிப்புக் கோரினார். மக்கேப் அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

அயர்லாந்து 2014இல் இத்தகையோரைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. இந்திய நாடாளுமன்றமும் அதே ஆண்டு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பத்தாண்டு கடந்த பின்னும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 1966ஆம் ஆண்டின் காவல்படை உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ நன்கு நடைமுறையில் உள்ளது. அனுமதியின்றிச் செய்தித்தாளிடம் பேசும் காவலரைத் தண்டிக்க அது போதும். அரசமைப்பின் 311ஆம் உறுப்பில், உரிய விசாரணை நடத்துவது இயலாது என்று எழுதி வைத்துவிட்டு ஒருவரைப் பணியிலிருந்து நீக்கவும் வழியுண்டு. வாயை மூடும் சட்டம் நடக்கிறது. வாய் திறந்தவரைக் காக்கும் சட்டம் உறங்குகிறது.

இந்நிலையில்தான் 2020 ஜூன் மாதச் சாத்தான்குளம் நிகழ்ச்சியை வைத்துப் பார்க்கவேண்டும். பொதுமுடக்க காலத்தில் கடை திறந்திருந்தது தொடர்பாக ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 22, 23 ஆகிய நாள்களில் அடுத்தடுத்து இறந்தனர். தமிழகமே அறிந்த கொடுமை அது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் 28ஆம் நாள் நிலையத்துக்கு விசாரணைக்குச் சென்றார். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. வட்டில் இடம் ஏராளமாக இருந்தது. கேட்ட ஆவணங்கள் உடனே கிடைக்கவில்லை. காவலர் ஒருவர் நடுவரையே இழிவாகப் பேசினார்.

அந்நிலையத்தில் அன்று உண்மை பேசியவர் ஒரு பெண் தலைமைக் காவலர். கருவி இல்லை, நாடா இல்லை, கண்ணால் கண்டது மட்டுமே அவரிடம் இருந்தது. தந்தையையும் மகனையும் இரவு முழுவதும் அடித்தார்கள் என்றார். லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடுவதற்கு முன் உடனே கைப்பற்றிவிடுங்கள் என்றார். அவர் சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் உடன் பணிபுரிவோர் வெளியே கூடிநின்று கேலி பேசிக்கொண்டிருந்தனர். மறுநாளும் அவர் அதே சீருடையில் அதே மனிதர்களிடையே பணிக்கு வரவேண்டியவர். சொன்னவற்றை எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டபோது அவர் மிகவும் தயங்கினார் என்றும், அஞ்சினார் என்றும், நெடுநேரம் கழித்தே கையெழுத்திட்டார் என்றும் நடுவர் தம் அறிக்கையில் எழுதினார்.

உயர் நீதிமன்றம் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைத்தது. அந்தப் பெண் காவலரின் வீட்டுக்குப் பாதுகாப்பும், ஊதியத்துடன் விடுப்பும் அளிக்க ஆணையிட்டது. ஒரு காவலரின் வீட்டுக்கு, அவர் தம் காவல் நிலையத்தில் கண்டதைச் சொன்னதற்காக, அன்று முதல் காவல் போடப்பட்டது.